வாயடைச்ச கார்

"தானா பிரேக் போடுற வசதிக்கு மாசாமாசம் காசா? இலவசம் நேத்தோட முடிஞ்சுது, விட்டுது சனி!" அப்பா எலக்ட்ரிக் கார் சாவியச் சுத்தினார். "முதல் நாள் ஓயாம கத்துச்சு. அப்புறம் நான் ஓட்டுறதப் பார்த்து வாயடைச்சுப் போச்சு!"

"கட்டிடுங்கப்பா." மகள் கெஞ்சினா.

"தோழிங்ககிட்ட பீத்திக்கணும், அதானே?" அம்மா சிரிச்சாங்க.

தம்பி முன்சீட்டுல ஏற ஓடினான். அதுக்கு மேல அவளால முடியல.

"கார் வாயடைக்கலப்பா. அன்னைக்கு உங்க முகம் வாடிப்போச்சேன்னு நான்தான் எச்சரிக்கை சத்தத்த நிறுத்தி வெச்சேன்."

"போன வாரம் ஒரு லாரி குறுக்க வந்தப்ப நான் பிரேக் போட்டேனே?"

"கார்தான் போட்டுச்சு. உங்க கால் அசையவே இல்லப்பா. லாரி உங்க கண்ணுல படவே இல்ல."

சாவி சுத்துறது நின்னுபோச்சு. அப்பா அத அம்மா கையில வெச்சார்.

"கண் டாக்டர்கிட்ட போவோம். நீயே ஓட்டு."