பின்கண்ணாடியில் ஒரு பெயர்

கலிஃபோர்னியாவின் துலாரே நகரத்து ஜூலை வெயில் காலை ஒன்பதுக்கே தகிக்கிறது. செஃபெரினோ தன் பழைய பிக்கப் வண்டியைக் கழுவிக்கொண்டிருக்கிறார். பின்கண்ணாடிக்கு வந்ததும் குழாயைக் கீழே போட்டுவிட்டு, மகள் சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட ஸ்டிக்கரை ஈரத்துணியால் ஒற்றி ஒற்றித் துடைக்கிறார். வாசற்படியில் மகள் மரிசெலா போனைக் கையில் பிடித்தபடி நிற்கிறாள். உள்ளூர் சமுதாயக் கல்லூரியில் மூன்று வருஷம் படித்து அந்தப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய இடம் ரத்தாகிவிட்டதென்று இப்போதுதான் போனில் கடிதம் வந்திருக்கிறது. மார்ச்சில் அப்பா இடுப்பு பிடித்துப் படுத்தபோது, பாதாம் ஆலை வேலைக்குப் போவதற்காகப் புள்ளியியல் வகுப்பை விட்டாள். விட்டால் பல்கலைக்கழகத்துக்கு உடனே எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று விண்ணப்பத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்ததை யார் படித்தார்கள்? அப்பாவுக்கோ அவள் வகுப்பை விட்டதே தெரியாது. வேலிக்கு அப்பால் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டு சில்வெஸ்த்ரே சிரிக்கிறார். “என்ன செஃபே, மாதா படத்தத் துடைக்கிற மாதிரி துடைக்கிற! வண்டிய வித்தாலும் கண்ணாடிய மட்டும் கழட்டி வெச்சுக்குவ போல.” “பொறாமைடா உனக்கு!” என்று சொல்லிவிட்டு அப்பா மகளைப் பார்த்துக் கண்ணடிக்கிறார். “அப்பா...” என்கிறாள் அவள். “அங்கயே நில்லும்மா, செருப்பு நனைஞ்சிடும்.” ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்க்கிறார். அது அசையவில்லை. “பாரேன், கடைக்காரன் சொன்னது நெசந்தான். வண்டி துருப்பிடிச்சுப் போனாலும் இது உரியாதாம்.”