நேர்ந்துவிட்ட கிடாய்

மலாயாவில், பத்து காஜா ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், முனியாண்டி கோயில் சூலத்தின் மேல் காலை வெயில் இலைகளினூடே இறங்குகிறது. அதன்முன் நவமணியின் கறுப்புக் கிடாய் மாலையோடு நிற்கிறது. தாயாடு செத்த பிறகு அவளே கஞ்சி ஊட்டி வளர்த்தது. காய்ச்சலில் கிடந்த கணவன் பிழைத்தால் தருவதாக நேர்ந்துகொண்டது. பிழைத்து வந்த உடையப்பன் எலும்பும் தோலுமாய்ப் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருக்கிறான். பூசாரி சன்னாசி மூன்றாம் முறையாக மஞ்சள் நீர் தெளிக்கிறார். கிடாய் உடம்பைச் சிலிர்த்தால்தான் சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். அதுவோ வேப்பிலையை நிதானமாக மென்றுகொண்டிருக்கிறது. உறுமி மேளச் சத்தம் ஓய்ந்துவிடுகிறது.

"உத்தரவு கெடைக்கலியே தாயீ. நீ ஊத்திப் பாரு," என்கிறார் பூசாரி.

"வேணாம் புள்ள, விட்டுரு," என்கிறான் உடையப்பன்.

நவமணி செம்பை வாங்குகிறாள். கிடாய் அவள் கையை நக்குகிறது. "சம்மதம் குடுத்துரு கண்ணு. எனக்கு இவரு வேணும்," என்று அதன் காதோரம் சொல்லிவிட்டு ஊற்றுகிறாள். தலைமுதல் வால்வரை உதறிச் சிலிர்க்கிறது கிடாய். நீர்த்துளிகள் அவள் முகமெங்கும் தெறிக்கின்றன. பெண்கள் குலவையிடுகிறார்கள். நவமணி குலவையிடாமல் கிடாயின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள்.