ஏழாவது புத்தகம்

ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்திருந்த சத்யப்ரியாவுக்குக் கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. தனக்குப் பூஜ்யம் போடப்போகிற மேடத்தின் தோளைப் பிடித்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்?

ஓட்டிக்கொண்டிருந்தவர் திரிபுரசுந்தரி மேடம். இந்த செமஸ்டரில்தான் கல்லூரிக்குப் புதிதாக வந்து, பி.பி.ஏ. மூன்றாம் ஆண்டுக்கு மார்க்கெட்டிங் எடுக்கிறார்.

வந்த கையோடு, இதுவரை அங்கே யாரும் செய்யாத ஒரு காரியத்தை அவர் செய்துவிட்டார். அசைன்மென்ட்டுகளின் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டார்.

எந்தெந்தப் புத்தகத்திலிருந்து எடுத்து எழுதினோம் என்று சொல்கிற ரெஃபரன்ஸ் பக்கம் அது. வகுப்பில் எல்லாருக்கும் ஒரே பக்கம்தான்.

அதற்காக ஒருவரும் நூலகப் படி ஏறியதில்லை. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்கும்போது, ரெஃபரன்ஸ் போட்டுடுங்கண்ணா என்றால் போதும். கம்ப்யூட்டரில் தயாராக வைத்திருக்கும் பக்கத்தை, டீயில் சர்க்கரை போடுகிற மாதிரி, கேசவன் அண்ணா சேர்த்துவிடுவார். அவர் மனைவி, எல்லாருக்கும் அக்கா, ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுப்பார்.

அந்தப் பக்கத்தில் பத்துப் புத்தகங்கள். அதில் ஒன்பது, நூலகத்தில் இருக்கின்றன, மேலே தூசியோடு. ஏழாவது மட்டும் எங்கேயும் இல்லை.

பியூலா எழுதிய 'சிறு கடைகளும் வாடிக்கையாளர் நம்பிக்கையும்'.

மேடம் இணையத்தில் தேடினார். தெரிந்த பேராசிரியர்களையெல்லாம் கேட்டார். அப்படி ஒரு புத்தகத்தைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

இல்லாத புத்தகத்தை இருப்பதாக எழுதினால் அது பொய். பொய்க்குப் பூஜ்யம். மேடம் வகுப்பில் சொன்னது இவ்வளவுதான்.

பூஜ்யம் விழுந்தால் சத்யப்ரியா இன்டர்னலில் தேற மாட்டாள். தேறாவிட்டால் ஒரகடம் கம்பெனி நேர்காணலுக்கு அவள் பெயர் போகாது. கோவளத்தில் மீன் விற்கிற அவள் அம்மா, மகள் ஆபீஸ் வேலைக்குப் போகப்போகிறாள் என்று குப்பம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

"சத்தியமா அந்த புக்கு எங்க கீதுன்னு எனக்குத் தெரியாது மேடம். கடைக்கார அண்ணாவுக்குத்தான் தெரியும்" என்று ஸ்டாஃப் ரூமில் சத்யப்ரியா தேம்பினாள். மேடம் வண்டிச் சாவியை எடுத்தார். வா, போய்க் கேட்டுவிடுவோம் என்றார்.

கடையில் மதிய நேரத்துக் கூட்டம் இல்லை. அக்கா ஒரு ப்ராஜெக்ட்டின் துளைகளில் சுருள் கம்பியைக் கோத்துக்கொண்டிருந்தார். மேடம் கடைசிப் பக்கத்தைக் கவுன்டர் மேல் வைத்து, ஏழாவது வரியில் விரலை ஊன்றினார்.

"இந்த புக் இருக்கா, இல்லையா?"

பேச ஆரம்பித்தால் வாய் ஓயாத மனுஷர் கேசவன் அண்ணா. இப்போது திருடன் மாதிரி முழித்தார். மேடத்தைப் பார்த்தார், சத்யப்ரியாவைப் பார்த்தார். அக்கா இருந்த பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

இல்லை என்று சொல்லிவிடப் போகிறார் என்று சத்யப்ரியாவுக்கு உயிரே போய்விட்டது.

"கீது மேடம்."

ஸ்டூலைப் போட்டு ஏறினார். முருகன் படத்தையும் மரச் சிலுவையையும் அக்கம்பக்கமாக வைத்திருந்த பலகையிலிருந்து, துண்டில் சுற்றிய ஒன்றை இறக்கினார். கெட்டி அட்டை போட்டு, பொன்னெழுத்தில் பியூலா என்று பெயர் பொறித்த ஒரு கல்லூரி ப்ராஜெக்ட். ஒரு முனைகூட மடங்கியிருக்கவில்லை.

மேடம் நின்றபடியே புரட்டினார். பிறகு அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கீழ்க்கட்டளையிலும் படப்பையிலும் மளிகைக்கடை மளிகைக்கடையாக ஏறி இறங்கி, கடைக்காரர்களிடமும் சாமான் வாங்க வந்தவர்களிடமும் பேசி எழுதியது அது. எந்த வரியை யார் சொன்னது என்று ஒவ்வொன்றுக்கும் அடியில் குறிப்பு இருந்தது. படிக்கப் படிக்க மேடத்தின் முகத்திலிருந்த கடுப்பு போன இடம் தெரியவில்லை.

"ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க. அச்சுல வராததையும் ரெஃபரன்ஸா போடலாம், தப்பில்ல. ஆனா படிச்சிட்டுப் போடணும். எல்லாரும் இதைப் படிச்சு, திங்கட்கிழமை மறுபடி எழுதிக் குடுங்க. மார்க் போடறேன்."

இருப்பது ஒரே ஒரு பிரதி. ஆனால் நிற்பது ஜெராக்ஸ் கடையில், காப்பிக்கா பஞ்சம்? சத்யப்ரியாவுக்கு மேடத்தை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. திரும்பிப் போகும்போது தோளைப் பிடித்துக்கொள்ளலாம் என்று தைரியமும் வந்துவிட்டது.

மேடம் பேனாவைத் திறந்தார். முறைப்படி எழுதுவதென்றால் எந்தக் கல்லூரி, எந்த வருஷம் என்று இருக்க வேண்டும்.

"எந்த வருஷம் சப்மிட் பண்ணாங்க?"

கேசவன் அண்ணா ஸ்டூலை மடக்கி வைப்பதில் மும்முரமாகிவிட்டார். கம்பி கோக்கிற சத்தம் நின்றுபோயிருந்தது.

"சப்மிட் பண்ணல மேடம்," என்றார் அக்கா. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவர் முகம் சிவந்துவிட்டது. "சப்மிட் பண்ற அன்னிக்குக் காலைல, இவர்கிட்ட பைண்டிங் வாங்கத்தான் வந்தேன். அப்புறம் வீட்டுக்குத் திரும்பிப் போகவே இல்ல."