ரஜிதாவின் சீருடை

“மாதச் சம்பளம், சீருடை, காலை அணிவகுப்பு. இவை மூன்றும் உள்ளவரைப் படையாள் என்னாமல் வேறென்னவென்பது? வீடற்ற ஏழைகளுக்குரிய வீட்டைப் படையாளுக்குக் கொடுக்கலாமா?”

அபிவிருத்தி உத்தியோகத்தர் சுதர்சினி மொட்டைக் கடதாசியை வாசித்து முடித்தார். கணினியில் அடித்த கடிதம். கீழே பெயர் இல்லை.

விசுவமடுவில், தறப்பாள் கூரையிட்ட தன் கொட்டிலின் வாசலில் ரஜிதா நின்றாள். தான் வேலைசெய்யும், பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள திணைக்களப் பண்ணையிலிருந்து நேரே ஓடிவந்திருந்தாள். சீருடையின் முழங்கால்களில் சேறு காயவில்லை.

“மிஸ், அங்கை எனக்கு ஒருத்தரும் துவக்குத் தரேல்லை. மண்வெட்டிதான் தந்தவை. மிளகாய்க் கண்டுக்குத் தண்ணி விடுறதுதான் என்ரை வேலை.”

“எனக்கு விளங்குது அக்கா. ஆனால் படைத்துறை அமைப்பிலை வேலை செய்யிற ஆக்களின்ரை குடும்பம் வீட்டுத்திட்டத்திலை சேராது. உங்கடை திணைக்களம் அதுக்குள்ளை அடங்குமோ இல்லையோ எண்டு அவை எழுத்திலை தரவேணும். அது இல்லாமல்தான் ரெண்டு வருசமா உங்கடை பேர் நிலுவையிலை கிடக்கு. முப்பதாம் திகதியோடை பட்டியலை மூடுகினம்.”

அயல்வீட்டு இராசமலருக்குப் பொறுக்கவில்லை.

“உடுப்பைப் பாத்து ஆமி எண்டால், உந்த முத்துலிங்கண்ணை முப்பது வருசம் காக்கியோடை தபால் குடுத்தவர். அவர் என்ன, பிரிகேடியரோ?”

கூடிநின்றவர்கள் சிரித்தார்கள். வேலிக்கு அப்பால் நின்ற முத்துலிங்கம் சிரிக்கவில்லை.

விளக்கம் கோரி ரஜிதாவின் பெயரில் திணைக்களத்துக்கு நான்கு விண்ணப்பங்கள் எழுதிக்கொடுத்தவர் அவரே. அந்த நம்பிக்கையில் அவள் அழைத்தாள்.

“அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ.”

அவர் படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

“கண்டதைத்தானே சொல்லலாம். காலமை கொடிக்கு முன்னாலை வரிசையிலை நிண்டு சலூட் அடிக்கிறவை. நான் கண்டனான். அது படையோ இல்லையோ எண்டு தீர்ப்புச் சொல்ல நானும் ஆளில்லை, நீங்களும் ஆளில்லை பிள்ளை. திணைக்களமே சொல்லட்டும். என்ரை சாட்சியத்தையும் எழுதிச் சேர்த்து அனுப்புங்கோ.”

சுதர்சினி எழுதினார். முத்துலிங்கம் கையொப்பமிட்டார்.

“பக்கத்திலை இருந்துகொண்டே எனக்குக் குழி பறிக்கிறியளோ அண்ணை?” ரஜிதா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அன்றிலிருந்து அவள் அவருடைய கிணற்றில் தண்ணீர் அள்ளவில்லை. சைக்கிளில் இரண்டு கான்களைக் கட்டி, அரைக் கட்டை தூரத்திலிருந்த பள்ளிக்கூடக் குழாய்க்குப் போய்வந்தாள்.

“கடதாசி போட்டதும் அந்தாள்தான்,” என்று இராசமலர் ஒழுங்கை முழுவதும் சொல்லிவைத்தாள். அது முத்துலிங்கத்தின் காதிலும் விழுந்தது. அவர் மறுக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் திணைக்களத்தின் கடிதம் வந்தது. மொட்டைக் கடதாசியின் பிரதிகள் மேலிடங்கள் மூன்றுக்குப் போயிருந்தன. மூன்று இடத்திலிருந்தும் திணைக்களத்துக்குக் கேள்வி வந்துவிட்டதாம்.

‘மேற்படி ரஜிதா ஒரு சிவில் ஊழியர். அவருக்குப் படைத் தரநிலையோ ஆயுதப் பயிற்சியோ கிடையாது. அவர் பணிபுரியும் பண்ணைப் பிரிவு படைத்துறை அமைப்பு அன்று.’

பட்டியல் மூட இரண்டு நாள் இருக்கையில் அவளுடைய பெயர் ஏறியது.

கடிதத்தின் இரண்டு பிரதிகளோடு ரஜிதா நேரே முத்துலிங்கத்தின் படலைக்குப் போனாள்.

“இந்தாங்கோ, வாசியுங்கோ! கண்ணாடியைப் போட்டு வடிவா வாசியுங்கோ. நான் ஆமி இல்லையாம்.”

அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டு இரண்டு முறை வாசித்தார்.

“திகதி இருக்கு. கையொப்பம் இருக்கு. சீலும் தெளிவா விழுந்திருக்கு. நல்லது.”

“வேறை ஒண்டும் சொல்ல இல்லையோ?”

“ஒரு பிரதியைத் தந்திட்டுப் போ பிள்ளை. பைலுக்கு வேணும்.”

“என்ன பைல்?”

அவர் உள்ளே போய் அலுமாரியிலிருந்து ஒரு கோவையை எடுத்துவந்து கதிரையில் வைத்தார். மேலட்டையில் அவளுடைய பெயர் எழுதியிருந்தது.

ரஜிதா புரட்டினாள். நான்கு விண்ணப்பங்களின் பிரதிகள், திகதி வரிசையில். ஒவ்வொன்றின் கீழும் அவளுடைய கையொப்பம். ஒவ்வொன்றோடும் பதிவுத்தபால் பற்றுச்சீட்டு.

ஐந்தாவது தாளில் கையொப்பம் இல்லை. ‘மாதச் சம்பளம், சீருடை, காலை அணிவகுப்பு’ என்று அது தொடங்கியது. அதில் நான்கு பற்றுச்சீட்டுகள் குத்தியிருந்தன.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“கெஞ்சி எழுதின நாலுக்கும் பதில் வரேல்லை,” என்றபடி முத்துலிங்கம் புதிய கடிதத்தைக் கோவையில் சேர்த்துக் கட்டினார். “முன்கூட்டியே சொல்லியிருந்தால், அண்டைக்கு நீ உப்பிடி அழுதிருக்க மாட்டாய், மிஸ்ஸும் நம்பியிருக்க மாட்டா. சரி, போய்க் கானை எடுத்துக்கொண்டு வா. கிணத்திலை தண்ணி நிறையக் கிடக்கு.”