வாண்டாவின் சாபம்

"அந்தச் சாபத்தை வாபஸ் வாங்கிடுங்க, மேடம்!" என்று வாண்டாவின் வீட்டுக்கே வந்து கெஞ்சினார் டுவைட், சிகாகோ ஆந்தைகள் பேஸ்பால் அணியின் மேலாளர். முப்பத்துநாலு வருடமாக அணிக்குக் கோப்பை இல்லை.

எதிரணி அடித்த பந்து கூட்டத்துக்குள் விழுந்தால், அதை மைதானத்துக்கே திருப்பி எறிவதுதான் அங்கே மானம். முப்பத்துநாலு வருடத்துக்கு முன் ஒருநாள் வாண்டா மட்டும் பந்தைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். காவலாளி அவளை வெளியே தள்ளினான். "இனிமே உங்களுக்குக் கோப்பையே கிடையாது!" என்று வாசலில் நின்று கத்திவிட்டுப் போனாள்.

"அந்தக் காவலாளியையும் மன்னிப்புக் கேக்கச் சொல்றேன். ஆள் எங்கேன்னுதான் தெரியலை."

வாண்டா உள்ளே திரும்பி, "என்னங்க, உங்களைத்தான் தேடறாங்க!" என்றாள்.

சமையலறையிலிருந்து காபியோடு ஒருவர் வந்தார். டுவைட் விழித்தார்.

"கல்யாணத்தன்னிக்கே சாபத்தை எடுத்துட்டேன். ஆச்சு, முப்பத்துமூணு வருஷம்," என்றாள் வாண்டா. "அதுக்கப்புறம் தோத்ததெல்லாம் உங்க சொந்த முயற்சி!"