கருத்துச் சொல்லாத தெரு

“பதினோரு வாரமா ஒரு மனுஷனுக்குத் தன் மனசு என்னன்னே தெரியலையாம். இதை நான் நம்பணுமா?”

மூன்றாவது மாடிப் படியில் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார் மேற்பார்வையாளர்.

“நீங்களே கேட்டுப் பாருங்க சார்” என்றாள் கணக்கெடுப்புக்காரி. குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

புது அரசாங்கம் வந்ததும் முதல் வேலையாகச் செலவுகளைக் கத்தரித்தது. முதியோர் பஸ் பாஸ் போனது. பள்ளிக்கூடத்துப் பால் போனது. வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் போனார். கையோடு, இதைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அறிய ஒரு தனித் துறையும் முளைத்தது. பால் கொடுக்கப் பணமில்லை. பாலை நிறுத்தியது பிடித்திருக்கிறதா என்று வீடு வீடாகக் கேட்க மட்டும் பணம் இருந்தது.

விதி எளிமையானது. ஆதரவு என்றாலும் எதிர்ப்பு என்றாலும் அந்த வீட்டோடு வேலை முடிந்தது. ‘இன்னும் முடிவு செய்யவில்லை’ என்றால் மட்டும் அடுத்த வாரமும் போய்க் கேட்க வேண்டும். மற்ற தெருக்களெல்லாம் மூன்றே வாரத்தில் முடிந்துவிட்டன. இவளுக்கு ஒதுக்கிய தெருவில் பதினெட்டு வீடுகள் மட்டும் முடிவேனா என்று நின்றன.

வீட்டை விட்டு நகராமல் இவளே தாளை நிரப்புகிறாள் என்பது மேற்பார்வையாளரின் சந்தேகம். அது உண்மையானால் இன்றோடு வேலை போய்விடும் என்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

கதவுக்கு உள்ளே யாரோ கத்திக்கொண்டிருந்தார்.

“மொதல்ல நீ உன் காரை வித்துட்டு வந்து பேசுடா!”

உள்ளே போனார்கள். கட்டிலில் சாய்ந்திருந்தவர் ரேடியோவை அணைத்தார். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். தனி ஆள். ரேடியோவில் அதுவரை பேசிக்கொண்டிருந்தது நிதி அமைச்சர்.

மேற்பார்வையாளர் முகம் மலர்ந்தது. “அமைச்சரைத் திட்டினீங்களே பெரியவரே, அப்ப எதிர்ப்புதானே? எழுதிக்கட்டுமா?”

“அமைச்சரை எதுக்கு சார் திட்டப் போறேன்? ரேடியோவைத் திட்டினேன். ஒரே கரகரப்பு.”

“காரை விக்கச் சொன்னீங்க?”

“ரேடியோவுக்கு ஏது சார் காரு? வயசாச்சு, வாய்க்கு வந்தது வந்துருச்சு.”

“சரி, அப்ப ஆதரவு?”

“அப்படியும் ஒரேயடியா சொல்லிட முடியுமா?”

மேற்பார்வையாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பதிலை வாங்காமல் போவதில்லை என்று தீர்மானித்துவிட்டார்.

“முப்பது வருஷம் வண்டி ஓட்டியிருக்கீங்க. முச்சந்திக்கு முச்சந்தி இப்படித்தான் நின்னு யோசிச்சீங்களா?”

“யோசிக்காமத் திருப்பினவன் எல்லாம் போய்ச் சேர்ந்துட்டான் சார். யோசிச்சவன் உக்காந்திருக்கேன்.”

“ஒரே வார்த்தை. ஆதரவா, எதிர்ப்பா?”

“அடுத்த வாரம் சொல்றேனே.”

“அடுத்த வாரம் மட்டும் என்ன மாறிடப் போகுது?”

“நான் உசுரோட இருப்பேன்ல. அதுவே பெரிய மாற்றம்தான்.”

கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக இருந்தார் மனிதர். கணக்கெடுப்புக்காரி தாளைப் பார்த்தபடி நின்றாள். வாயைத் திறந்தால் எதையாவது உளறிவிடுவோம் என்று பயமாக இருந்தது.

மேற்பார்வையாளர் விடவில்லை. எதிர் வீட்டுக் கதவைத் தட்டினார். அங்கே ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், கைத்தடியோடு வந்து திறந்தார்.

“டீச்சரம்மா, நீங்க படிச்சவங்க. நீங்களாவது சொல்லுங்க, அரசாங்கம் செய்யறது சரியா, தப்பா?”

“சரியை எல்லாம் ஒரு பக்கம் கூட்டினேன், தப்பை எல்லாம் ஒரு பக்கம் கூட்டினேன். கழிச்சா பூஜ்யம் வருதுப்பா. மறுபடி போட்டுப் பாக்கறேன், அடுத்த வாரம் வா.”

மேற்பார்வையாளர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மதில்மேல் பூனைகூட ஒரு நேரம் இல்லாவிட்டால் ஒரு நேரம் குதித்துவிடும். இந்தத் தெருவில் அதற்கும் வழியில்லை.

“உன்னைச் சந்தேகப்பட்டது என் தப்பும்மா” என்றார் படியருகே வந்து. “இவங்ககிட்ட வாரா வாரம் வந்து மல்லுக்கட்டறியே, உன் பொறுமைக்குக் கோயிலே கட்டலாம். மேலிடத்துக்கு நான் எழுதிடறேன். இந்தத் தெருவை விட்டு உன்னை மாத்தச் சொல்லட்டுமா?”

“வேண்டாம் சார். பழகிடுச்சு.”

“விட்டுடாதே. என்னைக்காவது ஒருநாள் வாயைத் திறக்காமலா போயிடுவாங்க?”

அவர் இறங்கிப் போனார். கீழே அவருடைய ஸ்கூட்டர் கிளம்பிப் போகும்வரை அவள் படியிலேயே நின்றாள். பிறகு லாரிக்காரர் அறைக்குத் திரும்பி வந்து கதவைச் சாத்தினாள்.

“போயிட்டானா?”

“போயிட்டார். ரேடியோகிட்ட கொஞ்சம் மெதுவாப் பேசக்கூடாதா ஐயா? எனக்கு உயிரே போயிடுச்சு.”

முழங்கை வரை சோப்புப் போட்டுக் கை கழுவினாள். பையிலிருந்த வினாத்தாள் கட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அதற்கு அடியிலிருந்து பஞ்சையும் மருந்தையும் துணிச்சுருளையும் எடுத்தாள்.

“காலை நீட்டுங்க, புண்ணைப் பாக்கணும். இன்னும் பதினேழு வீடு இருக்கு” என்றாள், புது அரசாங்கம் நிறுத்தும்வரை அந்தப் பதினெட்டு வீடுகளுக்கும் வாரா வாரம் வந்துகொண்டிருந்த நர்ஸ்.