இருபத்தேழாம் நம்பர் ஈரல்

"உங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட மறைக்கலாம்மா. என்கிட்ட மறைக்க முடியாது" என்றார் பேராசிரியர்.

எதிரே நின்றவள் ஒரு பஸ் டிரைவரின் மனைவி. கையில் போன மாத ரிப்போர்ட். 'கல்லீரலில் கொழுப்பும் தழும்பும். காரணம், நீண்ட நாள் குடிப்பழக்கம்.' கீழே பேராசிரியரின் கையெழுத்து. மருத்துவ லீவுக்காக அந்தக் காகிதத்தை டிப்போவில் கொடுத்த அன்றைக்கே டிரைவரிடமிருந்து வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"இருபது வருஷமா அவர்கூடக் குடும்பம் நடத்தறேன் ஐயா. ஒரு நாள்கூட வாடை வந்ததில்ல. இப்ப பெத்த பொண்ணே அப்பா முகத்தைப் பார்த்துப் பேச மாட்டேங்கிறா."

பேராசிரியருக்குக் கொட்டாவி வந்தது. எல்லா மனைவிகளும் இதே வசனத்தைத்தான் சொல்கிறார்கள். ஒரு நாளைக்கு முப்பது ஈரல் பார்க்கிறவருக்கு அந்த டிரைவரின் ஈரல் எதுவென்று நினைவில்லை. அதனால் என்ன? கையெழுத்து தன்னுடையது, அது போதும்.

ஆறு வருஷமாக அவர் செய்துவந்த ஆராய்ச்சியே இதுதான். குடித்துக் கெட்ட ஈரலையும் மற்ற ஈரலையும் மைக்ராஸ்கோப்பில் ஒரே பார்வையில் பிரித்துச் சொல்லிவிடலாம் என்பது அவர் கட்சி. மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் அவரை 'ஜட்ஜ்' என்றார்கள். அது அவருக்குத் தெரியும். உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சியும் உண்டு.

அந்த அம்மாளை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு உதவி டாக்டர் திரும்பி வந்தாள். அந்த டிரைவர் மாதிரி சர்க்கரை நோய்க்காரர்களுக்கும் ஈரல் இப்படி ஆகலாமே, 'காரணம் உறுதியில்லை' என்றாவது மாற்றி எழுதலாமா என்று மெல்லக் கேட்டுப் பார்த்தாள்.

இரக்கப்படுவதற்கு ஆஸ்பத்திரியில் வேறு டிபார்ட்மென்ட் இருக்கிறது என்று சொல்லி, பேராசிரியர் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை ஆராய்ச்சிக்கே பரீட்சை. கட்டுரையை வெளியிடப் போகும் பத்திரிகை ஒரு நிபந்தனை போட்டிருந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளிகளின் நாற்பது ஸ்லைடுகள், பெயர் கிடையாது, நம்பர் மட்டும். அவர் பார்த்துச் சொல்ல வேண்டும். எந்த நம்பர் யாருடையது என்ற பட்டியல் உதவி டாக்டரின் கையில்.

அந்த நாற்பதில் அவருடைய ஈரலும் ஒன்று. மூன்று மாதத்துக்கு முன் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்துகொண்டபோது, ஈரலிலும் ஒரு கிள்ளு எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார். ஒழுக்கமான ஈரல் எப்படி இருக்கும் என்று உலகம் பார்க்கட்டுமே. விருந்துகளில் பழரசத்தைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிக்கிற மனுஷர் அவர்.

மாணவர்கள் சுற்றி நிற்க, மளமளவென்று சொல்லிக்கொண்டே போனார். குடி. குடியில்லை. குடி. இருபத்தேழாவது ஸ்லைடு வந்ததும் முகம் மலர்ந்தது.

"எல்லாரும் வந்து பாருங்க. செல்லெல்லாம் கொழுப்புல ஊதிக் கிடக்கு, சுத்திலும் நார் நாரா தழும்பு. பதினஞ்சு வருஷமாவது குடிச்சிருக்கான். அதுவும் பொண்டாட்டிக்குத் தெரியாம. பெரிய நடிகன்."

மாணவர்கள் சிரித்தார்கள். பட்டியலில் ஓடிய உதவி டாக்டரின் விரல் ஓரிடத்தில் நின்றது.

"என்னம்மா, யாரு அந்த மகான்?"

"இருபத்தேழு... உங்களோடது சார்."

சிரிப்பு பாதியில் நின்றது. யாரோ ஒருவன் இருமினான்.

பேராசிரியர் மறுபடியும் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். கொஞ்சம் முன்னால் ஊதிக் கிடந்த செல்கள் இப்போது பாவமாகத் தெரிந்தன. கை தானாக வலது விலாவுக்குக் கீழே போயிற்று. வீட்டில் மனைவி என்ன சொல்வாள்? வெளியூர் மாநாடுகளுக்கு ஏன் இத்தனை தடவை போகிறீர்கள் என்று ஏற்கெனவே கேட்கிறவள். அடுத்த வாரம் காலேஜ் முழுக்க என்ன பேசுவார்கள்?

பிறகு பேச ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. பத்து வருஷமாகச் சர்க்கரை. நாள் முழுக்க நாற்காலி. தொப்பை வேறு. அப்பாவுக்கும் இதே ஈரல்தான், அவர் சொட்டுக்கூடக் குடித்ததில்லை. புத்தகங்களில் இதெல்லாம் தெளிவாகத்தானே இருக்கிறது, நீங்கள் யாரும் படிப்பதில்லையா என்று மாணவர்களையே திருப்பிக் கேட்டார்.

"வெறும் ஸ்லைடைப் பார்த்து ஒருத்தனைக் குடிகாரன்னு சொல்றது அபாண்டம். எழுதிக்கோம்மா."

உதவி டாக்டர் தயாராக ரிப்போர்ட் தாளை எடுத்து வைத்திருந்தாள். அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். 'இருபத்தேழாம் நம்பர் ஸ்லைடு. இந்தப் பாதிப்புக்கும் குடிப்பழக்கத்துக்கும் தொடர்பு இருப்பதாகச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை.'

"இதுக்கு முன்னாடி யாராவது வேற மாதிரி எழுதியிருந்தா சார்?"

"அது செல்லாதுன்னு போடு. எழுதினவனுக்கு ஈரலைப் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு அர்த்தம்."

அதையும் கொஞ்சம் மரியாதையாக மாற்றி எழுதினாள். பேராசிரியர் அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதினார். முத்திரை குத்தினார். அதோடு விடாமல், சிரித்த மாணவர்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டுச் சாட்சிக் கையெழுத்தும் வாங்கினார்.

மை காயும்வரை ஊதிவிட்டு, உதவி டாக்டர் தாளைப் பத்திரமாக ஃபைலுக்குள் வைத்தாள். பிறகு பட்டியலை இன்னொரு தரம் பார்த்தாள்.

"மன்னிச்சுக்கோங்க சார், ஒரு வரி தள்ளிப் படிச்சிட்டேன். உங்களோடது இருபத்தெட்டு. இருபத்தேழு அந்த பஸ் டிரைவரோடது."